செமஸ்டர் நேரத்து வீட்டுக் குறிப்புகள்

நவம்பரும் ஏப்ரலும் வந்தால், இன்ஜினீயரிங் படிக்கும் பிள்ளை இருக்கிற வீட்டில் குக்கர் விசிலுக்குக்கூட எரிச்சல் வரும். பாடத்தை நாம் குறைக்க முடியாது. வீட்டில் செய்யக்கூடியவை சில உண்டு.

1. "நிறைய இருக்கும்மா, ஒண்ணுமே முடிக்கல" என்று புலம்பினால் அறிவுரை வேண்டாம். ஒரு தாளையும் பேனாவையும் நீட்டுங்கள். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ரெகுலேஷனில் பொதுவாக ஒரு பாடத்துக்கு ஐந்து யூனிட். கேள்வித்தாளில் 2 மார்க் பத்து, 13 மார்க் ஐந்து, 15 மார்க் ஒன்று. 13 மார்க் கேள்விகளில் 'அ' அல்லது 'ஆ' எழுதினால் போதும். எந்த யூனிட் தெரியும், எது அரைகுறை, எதைத் தொடவே இல்லை என்று பிள்ளையே எழுதட்டும். தொடாதது பெரும்பாலும் ஒன்றோ இரண்டோதான் இருக்கும். அன்றைக்கு அதில் ஒன்றை மட்டும் எடுக்கச் சொல்லுங்கள்.

2. நோட்ஸ் முழுக்க மஞ்சள் மார்க்கர் அடிப்பது படிப்பில் சேராது. மூடி வைத்துவிட்டு எழுதிப் பார்ப்பதுதான் நிற்கும். பாடம் புரியாவிட்டாலும் பழைய கேள்வித்தாளை வைத்து நீங்கள் கேள்வி கேட்கலாம்.

3. மாலைக்கு மேல் காபி வேண்டாம். குடித்த கஃபீனில் பாதி உடம்பைவிட்டு நீங்கவே ஐந்து மணி நேரம் போல ஆகும். விடிய விடிய விழித்தால், தெரிந்த பதிலும் ஹாலில் மறக்கும்.

4. படிக்கும்போது போன் அடுத்த அறையில் இருக்கட்டும். "அஞ்சு யூனிட்டும் முடிச்சாச்சு" என்று வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் எவனாவது போடுவான். பாதி பொய்!

5. பரீட்சை எழுதிவிட்டு வந்து செருப்பைக் கழற்றும் முன்பே "எப்படி எழுதின?" என்று கேட்காதீர்கள். "சாப்பிடுறியா?" போதும். பெரியம்மா மகனின் கேம்பஸ் வேலைக் கதையையும் தள்ளிப்போடுங்கள்.

6. அரியர் விழுந்தால் விடைத்தாள் நகல், மறுமதிப்பீடு இரண்டுக்கும் வழி உண்டு. கெடு குறைவு, திட்டி முடிப்பதற்குள் தேதி போய்விடும்.

7. கொஞ்சம் படபடப்பு நல்லதுதான், படிக்க வைக்கும். ஆனால் வாரக்கணக்கில் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, "நான் இருந்து என்ன பிரயோஜனம்" என்கிற பேச்சு வருகிறது என்றால், அதைப் பரீட்சை பயம் என்று ஒதுக்காமல் அன்றே டாக்டரைப் பாருங்கள். மத்திய அரசு 2022இல் தொடங்கிய டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. கட்டணமில்லை, 24 மணி நேரமும் தமிழிலும் பேசலாம். பிள்ளை ஹாஸ்டலில் இருந்தால் தன் போனிலும் இந்த எண்ணை இன்றே பதியச் சொல்லுங்கள்.