கூரை விளக்குகளை மாற்றுவோம்: வீண் விரயம் பற்றி ஒரு பாடம்



தருமபுரி, பாலக்கோடு, அரூர், பென்னாகரம் என நம் மாவட்டத்தில் எங்கு சென்றாலும், கடந்த பதினைந்து இருபது ஆண்டுகளில் கட்டப்பட்ட வீடுகள் பலவற்றில் ஃபால்ஸ் சீலிங் இருக்கிறது. அதில் வரிசையாகக் குழி வெட்டி டவுன்லைட்டுகளைப் பதித்திருக்கிறார்கள். பெங்களூரிலோ வளைகுடாவிலோ உழைக்கும் பிள்ளை ஆசையோடு கட்டிய வீடு அது. இன்று அந்த வீட்டில் இருப்பவர்கள் வயதான தாய் தந்தையர். இரண்டு மாதத்திற்கு ஒருமுறை மின்கட்டணம் கட்டுபவர்களும் அவர்களே. எனவே இந்த மாதப் பாடமாகக் கூரை விளக்குகளை எடுத்துக்கொள்வோம்.

மார்க்கம் காட்டும் அளவு

அல்அஃராஃப் அத்தியாயத்தின் 31ஆம் வசனம் உண்பதையும் பருகுவதையும் அனுமதித்துவிட்டு, விரயத்தைத் தடுக்கிறது. பனீ இஸ்ராயீல் அத்தியாயத்தின் 26, 27ஆம் வசனங்கள் ஊதாரித்தனத்தை இன்னும் கடுமையாகக் கண்டிக்கின்றன. இவ்விரண்டிற்கும் உலமாக்கள் ஒரு வேறுபாடு சொல்வார்கள். ஆகுமான ஒன்றில் தேவையின் அளவைத் தாண்டுவது இஸ்ராஃப். செலவழிக்கக் கூடாத வழியில் செலவழிப்பது தப்தீர். வீட்டில் விளக்கு எரிப்பது ஆகுமான காரியம். ஆனால் 7 வாட்டில் கிடைக்கும் வெளிச்சத்திற்கு 50 வாட் செலவழித்தால், அது முதல் வகையில் சேருமா இல்லையா என்று நாமே யோசித்துப் பார்க்க வேண்டும்.

அல்ஃபுர்கான் அத்தியாயத்தின் 67ஆம் வசனம் விரயமும் கூடாது, கஞ்சத்தனமும் கூடாது என்று நடுவழியைக் காட்டுகிறது. ஆகவே வீட்டை இருட்டாக்கி வைத்துக்கொள்வது இந்தப் பாடத்தின் நோக்கம் அல்ல. ஓதுவதற்கும், பிள்ளைகள் படிப்பதற்கும், முதியவர்கள் தடுமாறாமல் நடப்பதற்கும் வேண்டிய வெளிச்சம் இருந்தே ஆக வேண்டும்.

மின்சாரம் எங்கே போகிறது?

பழைய கூரை விளக்குகள் பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று, சிறிய கிண்ணம் போன்ற ஹாலஜன். பொதுவாக 50 வாட். மற்றொன்று, அகன்ற வட்டக் குழிக்குள் படுத்த நிலையில் இருக்கும் சிஎஃப்எல்.

ஹாலஜனில் டங்ஸ்டன் இழை பழுக்கக் காய்ந்து ஒளி தருகிறது. அது எடுக்கும் மின்சாரத்தில் மிகப் பெரும்பகுதி வெப்பமாகவே போய்விடும். எட்டு ஹாலஜன் எரியும் கூடம், 400 வாட் ஹீட்டர் ஓடும் கூடத்திற்குச் சமம். நம் ஊர் சித்திரை வெயிலில் அந்தச் சூட்டைத் தணிக்க ஃபேனும் ஏசியும் சேர்ந்து உழைக்க வேண்டியிருக்கிறது. சிஎஃப்எல் இதைவிடச் சிக்கனமானது. ஆனால் அதனுள் சிறிதளவு பாதரசம் இருக்கிறது.

எல்இடியில் காயும் இழை இல்லை. மின்சாரம் ஒரு குறைகடத்திச் சில்லின் வழியே பாயும்போது நேரடியாக ஒளி பிறக்கிறது. சிவப்பு, பச்சை எல்இடிகள் முன்பே இருந்தாலும், பளிச்சென்ற நீல ஒளி தரும் எல்இடி 1990களில்தான் கைகூடியது. நீலச் சில்லின் மேல் மஞ்சள் ஒளி தரும் பாஸ்பரைப் பூசினால் வெள்ளை வெளிச்சம் கிடைக்கும். இதற்கு வழி திறந்த இசாமு அகசாகி, ஹிரோஷி அமானோ, ஷூஜி நகமுரா ஆகிய மூவருக்கும் 2014இல் இயற்பியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

நம் நாட்டில் 2015 ஜனவரி 5 அன்று உஜாலா திட்டம் தொடங்கியது. அரசு நிறுவனமான ஈஈஎஸ்எல் மொத்தமாகக் கொள்முதல் செய்ததால், 2014இல் 310 ரூபாயாக இருந்த ஒரு பல்பின் கொள்முதல் விலை 2016இல் 38 ரூபாய்க்கு இறங்கியது. பணக்காரர் வீட்டுப் பொருளாக இருந்த எல்இடி எல்லோர் வீட்டிற்கும் வந்தது இப்படித்தான்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

1,000 வாட் ஒரு மணி நேரம் எரிந்தால் ஒரு யூனிட். கூடத்தில் 50 வாட் ஹாலஜன் எட்டு இருக்கின்றன, தினமும் ஐந்து மணி நேரம் எரிகின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 2 யூனிட். 60 நாளைக்கு 120 யூனிட். அதே இடத்தில் 7 வாட் எல்இடி எட்டு போட்டால் 60 நாளைக்கு ஏறக்குறைய 17 யூனிட். மிச்சம் 103 யூனிட். 2022ஆம் ஆண்டுக் கட்டணத்தில் இலவசமாகக் கிடைத்த 100 யூனிட்டை விட இது அதிகம்!

இந்த 103 யூனிட்டின் மதிப்பு எல்லா வீட்டிற்கும் ஒன்றல்ல. தமிழ்நாட்டில் வீட்டு மின்கட்டணம் படிப்படியாக ஏறுகிறது. அதிலும் 2022 செப்டம்பரில் அமலுக்கு வந்த கட்டணத்தில், 500 யூனிட்டைத் தாண்டினால், 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்குக் கிடைத்த சலுகையும் போய்விட்டது. அந்தக் கட்டணப்படி 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய். 510 யூனிட்டுக்கு 2,030 ரூபாய். பத்து யூனிட் கூடியதற்கு 305 ரூபாய் கூடுகிறது. அதன் பிறகு கட்டணம் உயர்ந்திருக்கிறது.

அதே கட்டணப்படி 560 யூனிட் எரிக்கும் வீட்டுக்கு 2,430 ரூபாய். 103 யூனிட் குறைந்து 457 ஆனால் 1,467 ரூபாய். ஒரு ரசீதிலேயே 963 ரூபாய் மிச்சம். புதிய விளக்குகளுக்கும் கூலிக்குமாக 3,000 ரூபாய் ஆனாலும் நான்கு ரசீதுக்குள் முதல் திரும்பிவிடும். ஆனால் 180 யூனிட் மட்டும் எரிக்கும் சிறிய வீட்டுக்கு அன்றைய கட்டணமே 180 ரூபாய்தான். அவர்கள் கடன் வாங்கி மாற்ற வேண்டியதில்லை. பழையது பழுதாகும்போது ஒவ்வொன்றாக மாற்றினால் போதும்.

இதிலும் ஒரு நடுவழி இருக்கிறது. அன்றாடம் மணிக்கணக்கில் எரியும் கூடம், சமையலறை, வராந்தா விளக்குகளை முதலில் மாற்றுங்கள். விருந்தாளி வந்தால் மட்டும் எரியும் அறையில் நல்ல நிலையில் உள்ள விளக்கைப் பிடுங்கி எறிவதும் விரயமே.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

1. குழியின் விட்டத்தை மில்லிமீட்டரில் அளந்து செல்லுங்கள். புதிய விளக்கின் விளிம்பு குழியை மூட வேண்டும். ஸ்பிரிங் கிளிப் சீலிங் பலகையை இறுகப் பிடிக்க வேண்டும். சீலிங்கிற்கு மேல் எவ்வளவு இடைவெளி உள்ளது என்பதையும் பாருங்கள்.

2. வாட்டை மட்டும் பார்க்காமல் லூமனைப் பாருங்கள். வாட் என்பது செலவு; லூமன் என்பது வெளிச்சம். ஒரு வாட்டுக்கு 100 லூமன் அளவில் தருவது நல்ல விளக்கு.

3. பெட்டியில் பிஐஎஸ் முத்திரையும் பதிவு எண்ணும் உத்தரவாதக் காலமும் இருக்கின்றனவா என்று பாருங்கள். மின்னழுத்தம் ஏறி இறங்கும் ஊர்களில், அதைத் தாங்கும் டிரைவர் உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். பெரும்பாலும் எல்இடிக்கு முன் பழுதாவது டிரைவர்தான். டிரைவரைத் தனியாக மாற்ற முடிகிற விளக்கு நல்லது.

4. 3,000 கெல்வின் மஞ்சள் கலந்த ஒளி. 6,500 கெல்வின் நீலம் கலந்த வெள்ளை. படுக்கையறைக்கு முன்னது இதம். ஓதும் இடத்திற்கு 4,000 கெல்வின் பொருத்தம். முதியவர்களின் கண் கூசாமல் இருக்க, ஒளியைப் பரப்பும் பால்வெள்ளை மூடி உள்ளதைத் தேர்ந்தெடுங்கள்.

மாற்றும்போது

இது எலக்ட்ரீஷியன் செய்ய வேண்டிய வேலை. சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. எம்சிபியை இறக்கிவிட்டு, டெஸ்டரால் சோதித்த பிறகே ஒயரைத் தொட வேண்டும். பிளாஸ்டிக் நாற்காலி மேல் ஏறாமல் உறுதியான ஏணியைப் பயன்படுத்துங்கள். விளக்கின் உடல் உலோகமாக இருந்து எர்த் முனையும் இருந்தால் எர்த் ஒயரைக் கட்டாயம் இணைக்கச் சொல்லுங்கள்.

சில ஹாலஜன்கள் 12 வோல்ட்டில் எரிபவை. சீலிங்கிற்கு மேல் அவற்றுக்கென ஒரு டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும். அதை அப்படியே வைத்து எல்இடியை மாட்டினால், பாரம் போதாமல் விளக்கு சிமிட்டக்கூடும். டிரான்ஸ்ஃபார்மரைக் கழற்றிவிட்டு, உரிய டிரைவருடன் வரும் விளக்கை நேரடியாக 230 வோல்ட் ஒயரில் இணைப்பதே சரி. டிம்மர் இருந்தால் அதற்கு ஏற்ற விளக்கைக் கேளுங்கள். ஹாலஜன் சூட்டில் கருகிய ஒயர்கள் இருந்தால் அப்போதே மாற்றிவிடுங்கள். எல்இடி டிரைவரும் சூடாகும். அதன் மேல் துணியோ தெர்மாகோலோ படியக் கூடாது.

உறங்கும் முன் விளக்குகளை அணைத்துவிடுமாறு நபி (ஸல்) அவர்கள் ஏவியதும், திரியை எலி இழுத்துச் சென்று வீட்டில் தீ மூட்டிவிடக்கூடும் என்று எச்சரித்ததும் ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளன. அன்று அகல் விளக்கின் திரி; இன்று கூரைக்குள் கருகும் ஒயர். உயிரையும் பொருளையும் காக்கும் அக்கறை ஒன்றே.

கழற்றியவற்றை என்ன செய்வது?

சிஎஃப்எல்லை உடைக்காமல் பழைய பெட்டியில் வைத்து, மின்னணுக் கழிவு வாங்குவோரிடம் சேருங்கள். தவறி உடைந்தால் ஜன்னலைத் திறந்து காற்றோட விட்டு, துடைப்பம் போடாமல், கனமான அட்டையால் அள்ளி மூடிக் கட்டுங்கள். பழைய ஹாலஜன் விளக்குகளை ஏழை வீட்டுக்கு ஸதகா என்று கொடுக்க வேண்டாம். அது விளக்கோடு மின்கட்டணச் சுமையையும் சேர்த்துக் கொடுப்பதாகும். தர்மத்திற்கு மட்டமானதைத் தேடி எடுக்காதீர்கள் என்பது அல்பகரா 267ஆம் வசனம் தரும் பாடம். கொடுப்பதென்றால் புதிய எல்இடி ஒன்றை வாங்கிக் கொடுப்போம்.

பள்ளிவாசல்களுக்கும் மத்ரஸாக்களுக்கும் இதே கணக்கு பொருந்தும். வழிபாட்டுத் தலங்களுக்குத் தனிக் கட்டணப் பிரிவு இருப்பதால், ரசீதைப் பார்த்துக் கணக்கிட வேண்டும். அங்கே செலவாவது ஜமாஅத்தார் தந்த அமானிதம் என்பதால், நிர்வாகிகள் ரமளானுக்கு முன்பே இதைப் பார்த்து முடிப்பது நல்லது.

வாசகர்களுக்கு ஒரு வீட்டுப் பாடம்: இன்று மஃரிபுக்குப் பின் உங்கள் வீட்டில் எரியும் விளக்குகளை எண்ணுங்கள். ஒவ்வொன்றின் வாட்டையும் எரியும் நேரத்தையும் ஒரு தாளில் எழுதி, கடைசி மின் ரசீதோடு வைத்துப் பாருங்கள். பிள்ளைகளையே கணக்குப் போடச் சொல்லுங்கள். முதலில் மாற்ற வேண்டியது எது என்பதை அந்தத் தாளே சொல்லிவிடும். மிச்சமாகும் தொகையில் ஒரு பங்கு தேவையுடையோரைச் சென்றடையட்டும்.

விரயத்தை விட்டும் நம்மைக் காத்து, நம் பொருளில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. ஆமீன்.