ஒல்லி டயர் வேகம் தராது

“அண்ணாச்சி, டயர் ஒல்லியா இருக்கணும், காத்தைக் கல்லு மாதிரி அடிக்கணும், அப்பதான் வண்டி பறக்கும்.” திருநெல்வேலி தச்சநல்லூரில் உடம்புக்காக ரோடு சைக்கிள் வாங்கக் கிளம்புகிற ஒவ்வொருவர் காதிலும் யாராவது இதை ஓதிவிடுகிறார்கள். கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. பந்தயக்காரர்களே கைவிட்ட தவறு இது.

டூர் டி பிரான்ஸில் ஒருகாலத்தில் 23 மில்லிமீட்டர் டயர்தான். இன்று அங்கேயே 28-ம் அதற்கு மேலும் போடுகிறார்கள். ஒரே அளவு காற்றில், ஒல்லி டயர் தரையில் நீளவாக்கில் பதியும். அகல டயர் குறுக்குவாக்கில் பதியும். நீளமாகப் பதிகிற டயரின் பக்கச்சுவர் அதிகமாக மடங்கி நிமிர்வதால், நாம் மிதிக்கும் ஆற்றலில் ஒரு பங்கு அங்கே சூடாகிப் போகிறது. 110 பவுண்டு அடித்து மடங்காமல் வைக்கலாமே என்பார்கள். மெழுகிய தரையில் அது சரி. தாழையூத்து சாலையிலும் சேரன்மகாதேவி சாலையிலும் நடக்காது. ஜல்லி துருத்திய தாரில் கல்லான டயர் ஆளையே தூக்கித் தூக்கிப் போடும். அந்த அதிர்வை விழுங்குவது உங்கள் தசை. வேகம் அங்கேதான் தொலைகிறது.

நான் பிசியோதெரபிஸ்ட். சைக்கிள் ஓட்டிச் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போய் வருகிறவர்களைப் பார்க்கிறேன். அல்னார் நரம்பு மணிக்கட்டைக் கடந்து உள்ளங்கையில் இறங்கும் இடத்தில் அதிக ஆழமில்லாமல் மேலாகவே ஓடுகிறது. தாழ்ந்த ஹேண்டிலில் உடம்புப் பாரம் அதிகமாக அங்கே இறங்கி, அதிர்வும் சேர்ந்தால் நரம்பு தாங்காது.

ஆகவே 32 மில்லிமீட்டர் டயர் போடுங்கள். 70 கிலோ ஆளுக்கு 60 பவுண்டை ஒட்டிய காற்று போதும். வாங்கும்போதே ஃபோர்க்கிலும் பின்பக்கத்திலும் அந்த டயருக்கு இடம் உண்டா என்று பாருங்கள். ரேஸ் வண்டிகள் பலவற்றில் இருக்காது. ஹேண்டில் சீட் உயரத்துக்காவது இருக்கட்டும். வால்வையும் பாருங்கள். பிரெஸ்டா வால்வுக்கு அடாப்டர் இல்லாமல் முக்குக் கடை பஞ்சர்க்காரர் காற்றடிக்க முடியாது. மோட்டார் சைக்கிள் வால்வு என்றால் எங்கும் அடிக்கலாம்.

எடை குறைந்த வண்டிதான் வேண்டும் என்பது அடுத்த தவறு. 75 கிலோ ஆள் இரண்டு கிலோ குறைக்க ஆயிரக்கணக்கில் கொட்டுவது ஆற்றங்கரைச் சமவெளியில் வீண். வளைந்த ஹேண்டில் ரேஸுக்கு மட்டும் என்பதும் தவறு; ஆடிக்காற்றில் அம்பாசமுத்திரம் பக்கம் மிதித்தவருக்குக் குனிய இடமிருப்பதன் அருமை தெரியும். சீட்டில் உட்கார்ந்தபடி இரண்டு காலும் தரையில் ஊன்ற வேண்டும் என்கிறார்களே, அது மூட்டைக் கெடுக்கும். பெடல் அடியில் நிற்கும்போது முழங்கால் 25 முதல் 35 டிகிரிதான் மடங்கியிருக்க வேண்டும்.

டயரைச் சொல்லிவிட்டுச் சாலையைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. தாரின் மேல் தாராகப் போட்டுப் போட்டு, ஓரம் படிக்கட்டாக நிற்கிறது. லாரிக்கு ஒதுங்கி மண்ணில் இறங்கியவர் திரும்ப ஏறும்போது ஒல்லி டயர் அந்த விளிம்பில் வழுக்கிச் சாய்த்துவிடும். பழைய தளத்தைச் சுரண்டிய பிறகே புதுத் தளம் போட வேண்டும் என்று 2021-இலேயே தலைமைச் செயலாளர் அறிவுறுத்தியிருக்கிறார். உங்கள் தெருவுக்கு ரோலர் வரும் நாளில் இறங்கிப் போய், சுரண்டினீர்களா, ஓரத்துக்கு மண் கொட்டி மட்டம் செய்வீர்களா என்று கேளுங்கள். பதில் சரியில்லை என்றால் மாநகராட்சி மண்டல அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள்.