உதவி கேட்டால் விசா போய்விடுமா?

செப்டம்பரில் இங்கிலாந்துக்குப் படிக்க வரும் நம்மூர்ப் பிள்ளைகளுக்கு முதல் ஆசான் வாட்ஸ்அப் குழுதான். விமானம் ஏறும் முன்பே சீனியர் அண்ணன்கள் அதில் சேர்த்துவிடுகிறார்கள். பொன்னி அரிசி எந்தக் கடையில் கிடைக்கும், எந்த பஸ் பாஸ் மலிவு என்பதற்கெல்லாம் அங்கே நல்ல பதில் வரும். அந்த அக்கறையைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதே குழுவில் சில தவறான நம்பிக்கைகளும் ஆண்டுதோறும் கைமாறுகின்றன. பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் உதவி மையத்தில் வேலை பார்க்கும் நான், அவற்றின் விளைவுகளை அன்றாடம் பார்க்கிறேன்.

நம்பிக்கை: “பிரச்சினையைப் பல்கலைக்கழகத்திடம் சொன்னால் விசாவில் கை வைத்துவிடுவார்கள்.”

எல்லாவற்றிலும் கேடானது இதுதான். இதில் கொஞ்சம் உண்மை கலந்திருப்பதால் எளிதில் ஒழிய மாட்டேன் என்கிறது. மாணவர் விசாவுக்குப் பல்கலைக்கழகம்தான் ஸ்பான்சர். ஒருவர் வகுப்புக்கும் வராமல், மின்னஞ்சலுக்கும் பதில் தராமல் இருந்துகொண்டே போனால், உள்துறை அமைச்சகத்துக்குத் தெரிவித்தாக வேண்டும். ஆனால் பாடம் புரியவில்லை, தூக்கம் வரவில்லை, வாடகைக்குப் பணமில்லை என்று வந்து சொல்வதை யாரும் அமைச்சகத்துக்கு எழுதி அனுப்புவதில்லை. கவுன்சலரிடம் பேசுவது, உயிருக்கு ஆபத்து போன்ற நிலைமை தவிர, பெற்றோருக்குக்கூடத் தெரிவிக்கப்படாது.

ஒரு மாணவி தன் போனை என்னிடம் நீட்டினார். ஊரில் அப்பாவுக்கு அறுவை சிகிச்சை; இரண்டாம் தவணைக் கட்டணத்தைக் குறித்த நாளில் கட்ட முடியாது. குழுவில் கேட்டதற்கு வந்த பதில் திரையில் இருந்தது: “டெஸ்க்ல மட்டும் கேட்காதடி, நோட் பண்ணிடுவாங்க.” பயந்துபோய் வாரக்கணக்கில் வகுப்புக்கே வராமல் இருந்துவிட்டார். தவணையைத் தள்ளிப்போட ஒரு விண்ணப்பம் போதுமாயிருந்தது. அவர் விசாவுக்கு உண்மையான ஆபத்து, வராமல் இருந்த அந்த வாரங்களால்தான் வந்தது.

இந்த நம்பிக்கைக்கு ஒரு தம்பி உண்டு: பல்கலைக்கழகத்தின் அவசர நிதியை வாங்கினால் விசா விதியை மீறியதாகும் என்பது. தடை இருப்பது அரசு நலத்தொகைகளுக்கு. பல்கலைக்கழகம் தன் பணத்திலிருந்து தருவது அதில் சேராது.

நம்பிக்கை: “டாக்டரிடம் போனால் சொத்தையே விற்க வேண்டும்.”

விசாவுக்கு விண்ணப்பித்தபோதே ஆண்டுக்கு 776 பவுண்டு சுகாதாரக் கட்டணம் கட்டியாயிற்று. வீட்டருகே உள்ள ஜிபி மருத்துவரிடம் பதிவு செய்வதும் அவரைப் பார்ப்பதும் இலவசம். இங்கிலாந்தில் மருந்துச் சீட்டு, பல் வைத்தியம் போன்றவற்றுக்குப் பொதுவாகத் தனியே கட்ட வேண்டும். ஊரிலிருந்து கொண்டுவந்த டோலோவைப் போட்டுக்கொண்டு இருமலோடு காலம் தள்ளுகிறவர்களைப் பார்க்கும்போது மனம் பொறுக்கவில்லை. பணம் ஏற்கெனவே கட்டியது, தம்பி. போய்ப் பாருங்கள்.

நம்பிக்கை: “இந்த வாரம் 25 மணி நேரம் வேலை, அடுத்த வாரம் 15, கணக்கு சரியாகிவிடும்.”

ஆகாது. பட்டப் படிப்பு மாணவருக்குப் கல்விப் பருவத்தில் 20 மணி நேர வேலை வரம்பு ஒவ்வொரு வாரத்துக்கும் தனித்தனி. வாரம் என்பது திங்கள் முதல் ஞாயிறு வரை. சராசரி செல்லாது. ஓராண்டு முதுகலைப் படிப்பில் கோடைக்காலமும் பெரும்பாலும் கல்விப் பருவமே. இன்னொருவர் கணக்கில் உணவு டெலிவரி செய்வதும் வேண்டாம். மாணவர் விசாவில் சுயதொழிலுக்கே அனுமதி இல்லை.

நம்பிக்கை: “வரவேற்பு வாரத்திலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டோம்.”

இது எங்கள் பக்கத்து நம்பிக்கை. பயணக் களைப்பு தீராத பிள்ளையின் கையில் ஒரு கட்டுத் தாளைக் கொடுத்துவிட்டால் கடமை முடிந்ததென்று பல்கலைக்கழகங்கள் நினைக்கின்றன. உண்மையான நெருக்கடி தொடங்குவது அக்டோபர் இறுதியில். கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போய், மாலை ஐந்துக்கு முன்பே இருட்டிவிடும். முதல் அசைன்மென்ட் நெருங்கும், கொண்டுவந்த பணம் கரைந்திருக்கும். நாங்கள் போன் செய்து விசாரிக்க வேண்டியது அப்போதுதான். பல இடங்களில் அது நடப்பதில்லை, ஜனவரியில் வந்து சேர்பவர்களுக்கு இன்னும் குறைவு.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். போனில் “சாப்பிட்டியா?” என்று கேட்கும்போது, “டாக்டர்கிட்ட பதிவு பண்ணிட்டியா? ஏதாவது சிக்கல்னா யுனிவர்சிட்டில யாரைப் பார்க்கணும்னு தெரியுமா?” என்றும் சேர்த்துக் கேளுங்கள்.