பூஞ்சணம் பிடித்த வைக்கோலும் கமக்காரரின் நுரையீரலும்

கட்டுக்கரைக்குளத்து நீரால் விளையும் உயிலங்குளம், முருங்கன், நானாட்டான் வயல்களிற் பெரும்போக அறுவடை வந்ததும் கமக்காரருக்குத் தூசியின் காலமும் வந்துவிடுகின்றது. அறுவடை இயந்திரத்தின் பின்னே பறக்குந் தூசி, சுளகினாற் புடைக்கும்போது எழும் பதர்த்தூசி, வைக்கோலை ஏற்றி இறக்கும்போது கிளம்புந் தூசி ஆகிய யாவும் மூச்சுடன் உட்செல்கின்றன. உடலிற் பட்ட சுணை குளித்தால் நீங்கும். நுரையீரலுட் புகுந்த தூசியை அவ்வாறு கழுவ இயலாது.

தானியத் தூசியின் தீமை நெடுங்காலமாக அறியப்பட்டதே. தானியம் சலிப்போரும் அளப்போரும் மூச்சுத் திணறலால் வருந்துவதை இத்தாலிய மருத்துவர் இரமசினி, தொழில் நோய்கள் பற்றிய தமது நூலின் 1713 ஆம் ஆண்டுப் பதிப்பில் எடுத்துரைத்தார். 1932 இல் இங்கிலாந்தின் வெஸ்ட்மோர்லாந்துப் பகுதியில், பூஞ்சணம் பிடித்த உலர்புல்லைக் கையாண்ட பண்ணைத் தொழிலாளரிடம் கண்ட நோயை மருத்துவர் காம்பெல் விவரித்தார். அதுவே பின்னர் ‘கமக்காரர் நுரையீரல் நோய்’ எனப் பெயர் பெற்றது. அதன் காரணத்தை 1963 இல் பெப்பிசும் அவருடன் ஆய்ந்தோரும் தெளிவாக்கினர்.

நோய் உண்டாகும் விதம்

ஈரத்துடன் குவித்த வைக்கோல் உள்ளே புழுங்கிச் சூடேறும். 50 பாகை செல்சியசு அளவான அச்சூட்டில், வெப்பத்தை விரும்பும் நுண்ணுயிர்கள் பெருகி எண்ணற்ற வித்திகளைத் தோற்றுவிக்கும். ஒரு மில்லிமீற்றரை ஆயிரங் கூறாக்கினால் ஒரு கூறளவே அவ்வித்தி இருக்கும். ஆதலால் மூக்கிலும் தொண்டையிலும் தங்காது நுரையீரலின் கடைசிச் சிற்றறைகள் வரை செல்லும். அங்கே உடல் அதனை எதிர்ப்பதால் அழற்சி உண்டாகின்றது. இது தொற்றுநோயன்று, ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் பரவாது.

அறிகுறிகள்

காலையில் வைக்கோற் போரைப் பிரித்தவருக்கு 4 முதல் 8 மணி நேரத்தின் பின் குளிர், காய்ச்சல், வறட்டு இருமல், நெஞ்சிறுக்கம், மூச்சு முட்டல் என்பன தோன்றும். வேலையை விட்டிருந்தால் ஓரிரு நாளிற் தணியும். தணிந்ததென்று மீண்டும் அதே போருக்குச் செல்வதே ஆபத்து. பலமுறை இவ்வாறு நேர்ந்தால் நுரையீரல் தழும்பேறி இறுகும். அவ்விறுக்கம் பின்னர் நீங்காது. சிறிது தூரம் நடப்பதும் பெருஞ்சுமையாகும்.

மாலைக் காய்ச்சலென்றால் மலேரியா என எண்ணிய காலமும் இருந்தது. இலங்கை மலேரியா அற்ற நாடென 2016 இல் உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. எனினும் எலிக்காய்ச்சலும் டெங்குவும் உள்ளன. ஆகவே எக்காய்ச்சலென்று தாமே தீர்மானியாது வைத்தியரை நாடுக. சேற்றில் இறங்கியதையும் பூஞ்சண வைக்கோலைக் கையாண்டதையும் அவரிடம் தவறாது கூறுக. கூறாவிடின் உண்மை நோய் மறைந்துபோகக்கூடும்.

தடுக்கும் முறைகள்

1. வைக்கோலை நன்கு காயவைத்த பின்னரே போராக்குக. மழையில் நனைந்ததை மறுபடி உலர்த்துக.

2. மரக்குற்றிகளை அடுக்கி, நிலத்தின் ஈரம் ஏறாதவாறு அவற்றின்மேற் போரை அமைக்குக. உச்சி கூம்பியிருப்பின் மழைநீர் வழிந்தோடும்.

3. நெல்லின் ஈரம் நூற்றுக்கு 14 பங்குக்கு மேற்படாதவாறு உலர்த்திய பின் மூடையிற் கட்டுக.

4. பழைய போரை அடைத்த கொட்டிலினுள் உதறாது, வெளியிலே, காற்று முதுகுப் பக்கமிருந்து வீசுமாறு நின்று பிரிக்குக.

5. பூஞ்சணம் பிடித்த வைக்கோலை மாட்டுக்கு இடாது, நீர் தெளித்துத் தூசியை அடக்கிக் கூட்டெருக் குழியிற் சேர்க்குக.

6. மூக்கிற் கட்டும் துவாய் பெருந்தூசியை மட்டுமே தடுக்கும். வித்திகளைத் தடுக்க, முகத்தோடு இடைவெளியின்றிப் பொருந்தும் என்-95 வகை முகக்கவசம் வேண்டும்.

7. சிறுவரையும் ஈளை நோயுள்ளோரையும் இவ்வேலையில் ஈடுபடுத்தற்க.

ஒருமுறை இந்நோய் கண்டவர் பூஞ்சண வைக்கோலை மீண்டும் தொடாதிருத்தலே முதன்மையான சிகிச்சை. அவ்வேலையை வீட்டிலுள்ள மற்றவர்கள் தக்க பாதுகாப்புடன் ஏற்றுக்கொள்ள வேண்டும். ஒருநாள் வெயிலில் உலர்த்தச் சோம்பி ஈர வைக்கோலைக் குவித்தால், அதன் விலையை மூச்சினாற் கொடுக்க நேரிடும்.