பழைய ஓலைப் பெட்டி பரணுக்கு அல்ல

வீராம்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில், பாட்டி காலத்துப் பனை ஓலைப் பெட்டியை பாலித்தீன் பையில் சுற்றிப் பரணில் போடுவதுதான் அதற்குச் செய்யும் பெரிய கேடு. ஓலை ஈரத்தை உறிஞ்சும். பையில் காற்றோட்டம் இல்லாததால் பூஞ்சணம் பூக்கும். வீராம்பட்டினத்தை அடுத்த அரிக்கமேட்டில் 1945இல் தொல்லியலாளர் வீலர் அகழ்ந்தபோது பானை ஓடுகளும் மணிகளும் ஏராளமாகக் கிடைத்தன. ஓலை அவற்றைப்போல மண்ணில் நிலைக்காது; அதைக் காப்பது அன்றாடக் கவனம்தான். எனவே பூண்டு, சின்ன வெங்காயம், புளி எனக் காய்ந்த பொருளைப் போட்டு, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். கையில் புழங்கும் பெட்டியில்தான் பூச்சி அரித்த தூளும் விரிசலும் உடனே கண்ணில் படும்.

புழங்கினால் தேயாதா என்று கேட்கலாம். தேயும். ஆனால் விளிம்பு பிரிந்தால், நனைத்துப் பதமாக்கிய புது ஓலையைக் கோத்துச் சரிசெய்யலாம். பூஞ்சணம் தின்று இற்றுப்போன ஓலையில் எந்தக் கையாலும் பின்ன முடியாது. வார்னிஷ் பூசினால் போதுமே என்பதும் சரியல்ல. உள்ளே ஈரம் இருந்தால் அது அடைபட்டுவிடும், பிறகு ஓலை கோப்பதும் கடினம். சோப்பு வேண்டாம், தூரிகையால் தூசி தட்டி, பிழிந்த துணியால் துடைத்து, நிழலில் உலர்த்துங்கள். தூக்கும்போது விளிம்பைப் பிடிக்காமல் அடியில் கை கொடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை மாதங்களில் வாரம் ஒருமுறை கவிழ்த்துப் பாருங்கள். ஓலை முடைவது மதிப்புள்ள கைவேலை; செட்டிநாட்டு ஓலைக் கூடையான கொட்டானுக்குப் புவிசார் குறியீடே உண்டு. உங்கள் ஊரில் ஓலை முடைபவர் இருந்தால், பழுதுபார்க்கும் வேலையை அவரிடமே கொடுங்கள்.