பஜ்ஜி மிளகாய் ஏன் காரமானது?

விதை கொடுத்தவன் நான். பேச்சு வாங்கியது பஜ்ஜிக் கடை அக்கா. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

வங்கி வேலையில் ஓய்வு பெற்றபின் சிலமலையில் காய்கறி போடுகிறேன். பஜ்ஜி மிளகாய்க்கு இரண்டு வருஷமாகச் சொந்த விதைதான், குறை வரவில்லை. மூன்றாவதாக எடுத்த விதையை அக்காவுக்கும் கொடுத்தேன். அவர் வைத்த 30 செடியில் 8 செடி மாறிப்போச்சு. காய் ஒல்லி, கடித்தால் கண்ணில் தண்ணீர். கடையில் சாப்பிட்டவர்கள் சத்தம் போட்டிருக்கிறார்கள். "சார், உங்களை நம்பித்தானே வச்சேன்" என்றார்.

வெயிலும் தண்ணீர்க் குறைவும் காரத்தைக் கூட்டும். ஆனால் ஒரே பாத்தியில் 22 செடி சரியாக இருக்க, 8 மட்டும் உருவம் மாறாது. வீரிய ஒட்டு ரகமாக இருந்தால், விதை எடுத்துப் போட்ட முதல் வருஷமே குணம் பிரிந்திருக்கும். அப்புறம்தான் உறைத்தது: அந்த விதை எடுத்த வருஷம் பக்கத்துப் பாத்தியில் சம்பா மிளகாய் போட்டிருந்தேன்.

மிளகாய்ப் பூவில் ஆண், பெண் இரண்டும் உண்டு; தானே காய்க்கும். தேனீ வேறு செடியின் மகரந்தத்தைக் கொண்டுவந்தால் அதையும் ஏற்கும். பக்கத்தில் கார மிளகாய் இருந்தால் இந்தக் காயே காரமாகும் என்பார்கள். அது சரியில்லை. காயின் சதையும், காரம் ஊறும் உள்நரம்பும் தாய்ச்செடியின் உடம்பு. கலப்பு விதைக்குள் ஒளிந்திருந்து அடுத்த தலைமுறையில்தான் வெளிவரும். காயைக் கடித்துப் பார்த்தும் நான் ஏமாந்தது அதனால்தான்.

விதைக்கு விடுவோர் செய்ய வேண்டியது:

1. சான்று விதைக்கு வேறு மிளகாய் ரகத்திலிருந்து 200 மீட்டர், ஆதார விதைக்கு 400 மீட்டர் இடைவெளி வேண்டும். நம் தோட்டத்தில் அது முடியாது.

2. ஆகவே, நல்ல செடி நாலைந்தைப் பூக்கும் முன் கொசுவலையால் மூடுங்கள். முன்பே விரிந்த பூ, பிஞ்சைக் கிள்ளிவிடுங்கள்.

3. காலையில் செடியை லேசாகத் தட்டிவிடுங்கள்.

4. பிஞ்சு பிடித்ததும் காம்பில் நூல் கட்டிவிட்டு வலையை எடுக்கலாம். நன்றாகப் பழுத்த, நூல் கட்டிய பழத்தில் மட்டும் விதை எடுத்து நிழலில் உலர்த்துங்கள்.

அக்காவிடம் நடந்ததைச் சொன்னேன். மாறிய 8 செடியையும் பிடுங்கினோம். ஆனால் மீதி 22 செடியும் அவற்றோடு சேர்ந்தே பூத்தவை. அவற்றிலும் விதை எடுக்க வேண்டாம் என்றேன். என்னிடம் மிச்சமிருந்த இரண்டாம் வருஷ விதையை வலைக்குள் வளர்த்து, அதன் விதையில் 10 செடி போட்டு, காய்த்துப் பார்த்த பிறகே அவருக்குக் கொடுத்தேன்.