மடக்கினுள் முற்றும் எச்சமும்: பைத்தான் நிரல்வழிச் சொல்லடைவாக்கம்

முன்னுரை

இலக்கியச் சொல்லடைவுகளைக் கணினிவழி உருவாக்குவதற்குப் பைத்தான் நிரல்மொழி பயன்படுகிறது. செயற்கூறு தன் விடையை எவ்வாறு வெளியிடுகிறது என்பதைப் பொறுத்தே சொல்லடைவின் முழுமை அமையும். ‘ரிட்டர்ன்’, ‘யீல்டு’ ஆகிய கட்டளைகள் மடக்கினுள் இயங்கும் முறையை இக்கட்டுரை ஒப்பிட்டு ஆராய்கிறது.

ரிட்டர்ன்

திருக்குறளின் 1330 குறள்களையும் வரிசையாகப் படித்து, ‘உலகு’ என முடியும் குறள்களின் எண்களைத் தரும் செயற்கூறு ஒன்றைக் கொள்வோம். மடக்கினுள் ரிட்டர்ன் இடம்பெறின், முதற்குறளே அச்சொல்லால் முடிதலின், 1 என்னும் விடையோடு செயற்கூறு முடிந்துவிடும். 23, 27ஆம் குறள்களும் அவ்வாறே முடிவது தெரியவராது. கணினி பிழையெதுவும் சுட்டாது. ஆதலின் கிடைத்ததே முழுமையான விடை என ஆய்வாளர் கொள்ள நேரும். விடைகளைப் பட்டியலில் சேர்த்து, மடக்கு முடிந்தபின் ரிட்டர்ன் அமைப்பது இதற்குத் தீர்வாகும். ஆயின், விடைகள் அனைத்தும் சேரும்வரை எதுவும் வெளிவராது. பெருந்தரவாயின் நினைவகச் சுமையும் மிகும்.

யீல்டு

2001இல் வெளிவந்த பைத்தான் 2.2 பதிப்பில் யீல்டு அறிமுகமாயிற்று. இக்கட்டளை ஒரு விடையைத் தந்து, செயற்கூற்றை அவ்விடத்திலேயே நிறுத்துகிறது. மாறிகளின் மதிப்பும் மடக்கின் நிலையும் காக்கப்படுகின்றன. அடுத்த விடை கேட்கப்பட்டதும் செயற்கூறு விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது. எனவே முதலில் 1, அடுத்து 23, அதனையடுத்து 27 என விடைகள் ஒவ்வொன்றாகக் கிடைக்கும்.

இதிலும் கருதத்தக்க வரையறை ஒன்றுண்டு. இவ்விடைத்தொடரை ஒருமுறையே கடக்க இயலும். எண்ணிக்கை காண்பதற்காக இறுதிவரை கடந்தபின், அதே தொடரை அச்சிட முயன்றால் எதுவும் கிடைக்காது. இங்கும் கணினி பிழை சுட்டுவதில்லை.

முற்று - எச்ச ஒப்புமை

வினைமுற்று தொடரை முடிப்பதுபோல ரிட்டர்ன் செயற்கூற்றை முடிக்கிறது. வினையெச்சம் முடிக்கும் சொல்லை எதிர்நோக்குவதுபோல யீல்டு அடுத்த அழைப்பை எதிர்நோக்கி நிற்கிறது. எனினும், எச்சத்தை முடிப்பது வேறொரு சொல். நின்ற செயற்கூறோ அழைக்கப்பட்டதும் தானே தொடர்ந்து இயங்குகிறது. ஆதலின் இவ்வொப்புமை விளக்கத்திற்கு மட்டுமே பொருந்தும்.

முடிவுரை

முதற்சான்று மட்டும் போதுமாயின் மடக்கினுள் ரிட்டர்ன் தகும். சான்றுகள் அனைத்தையும் மீண்டும் மீண்டும் கையாள வேண்டுமாயின் பட்டியல் தகும். பெருந்தரவை ஒருமுறை கடந்தாற் போதுமெனில் யீல்டு தகும். ஒரு சொல் ஒருமுறையே பயின்றுள்ளது எனக் கணினிவழி முடிவுரைப்போர், நிரலில் விடை வெளிப்படும் இடத்தையும் ஆராய்ந்து உறுதிசெய்தல் வேண்டும்.